மண் நிற ஆடைகள் யாருக்கு எடுப்பாக இருக்கும்? பருவகால வண்ணப் பகுப்பாய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கல், துரு, வெந்தயம், அரக்கு, காப்பிக்கொட்டை, பாசிப்பச்சை என மண்ணையும் மரத்தையும் சமையலறையையும் நினைவூட்டும் நிறங்களில் ஆடை தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். புடவை, சுடிதார், சட்டை எதுவானாலும் நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: துணி முகத்துக்கு அருகில் வரும்போது முகம் எப்படித் தெரிகிறது?

பருவகால வண்ணப் பகுப்பாய்வு என்றால் என்ன?

ஒருவருடைய தோல், கண், முடி ஆகியவற்றின் நிறச்சாயலைப் பார்த்து, அவருக்கு இசைவான ஆடை நிறங்களை நான்கு குடும்பங்களில் ஒன்றாகப் பிரித்துச் சொல்லும் முறை இது. குடும்பங்களுக்கு இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று மேலைநாட்டுப் பருவங்களின் பெயரை வைத்திருக்கிறார்கள். பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். எந்த மாதத்தில் எதை அணிவது என்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

ஒரு நிறத்தைப் பற்றி இந்த முறை மூன்று கேள்விகள் கேட்கிறது. அது மஞ்சள் பக்கம் சாய்ந்து சூடாக இருக்கிறதா, நீலப் பக்கம் சாய்ந்து குளிர்ச்சியாக இருக்கிறதா? வெளிர் நிறமா, அடர் நிறமா? பளிச்சென்று இருக்கிறதா, சற்று மங்கி அடங்கியிருக்கிறதா? நிறத்தை இப்படி மூன்று அளவுகளால் விவரிக்கும் வழக்கம் அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்ட முறையிலேயே இருக்கிறது. சூடு, அடக்கம், நடுத்தரத்திலிருந்து அடர்த்தி வரை என்ற மூன்றும் சேர்ந்தால் இலையுதிர்காலம். நாம் மண் நிறங்கள் என்று சொல்பவை பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். சூடாகவும் வெளிராகவும் பளிச்சென்றும் இருந்தால் இளவேனில். குளிர்ச்சியும் மென்மையும் கோடைக்கு, குளிர்ச்சியும் கூர்மையும் குளிர்காலத்துக்கு.

இது எங்கிருந்து வந்தது?

வேரைத் தேடினால் பாரிஸ் நகரத்தின் கோபலின் நெசவாலைக்குப் போக வேண்டும். அங்கே சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரலிடம், கருப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை, மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குற்றமில்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவுமே கருப்பின் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டின. அருகருகே வரும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் இந்த இயல்பை அவர் 1839இல் நூலாக எழுதினார். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் 1919 முதல் 1923 வரை கற்பித்த ஜோஹன்னஸ் இட்டன், மாணவர்கள் தாமாகத் தேர்ந்தெடுக்கும் வண்ணச் சேர்க்கைகள் அவரவர் தோல், முடியின் சாயலை ஒத்திருப்பதைக் கவனித்தார். கலிபோர்னியாவில் தொப்பியும் ஆடையும் வடிவமைத்த சூசன் கேகில் பருவப் பெயர்களோடு இதை ஒரு தொழிலாக வளர்த்தார். 1980இல் வெளியான கரோல் ஜாக்சனின் நூல் பெருமளவில் விற்று, நான்கு பருவங்களையும் வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது. பின்னர் வந்தவர்கள் நான்கைப் பன்னிரண்டாகப் பிரித்தார்கள். சிலர் பதினாறு என்கிறார்கள். அண்மைக் காலத்தில் தென்கொரியாவில் இது 'பர்சனல் கலர்' என்ற பெயரில் பெரிய மோகமாகி, அங்கிருந்து காணொளிகள் வழியாக நம் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இதில் அறிவியல் எவ்வளவு?

பாதி என்று சொல்வேன். துணியின் நிறம் அதன் அருகில் உள்ள தோலின் தோற்றத்தை மாற்றும் என்பது உண்மை. அது இரண்டு வழிகளில் நடக்கிறது. முதலாவது, ஷெவ்ரல் சொன்ன எதிர்நிற விளைவு: அழுத்தமான ஒரு நிறத்தின் அருகில் உள்ள பொருள் அதற்கு எதிரான சாயலை ஏற்றுக்கொண்டதுபோல் தெரியும். இரண்டாவது, துணியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம்: பளீர் மஞ்சள் துணியை மோவாயின் கீழே பிடித்தால், தாடையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் படிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை என்பதால், எது வெல்லும் என்பதை ஏட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. துணியை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மனிதர்கள் நான்கு பெட்டிகளிலோ பன்னிரண்டு பெட்டிகளிலோ துல்லியமாக அடங்குவார்கள் என்பதை அந்த அளவுக்கு ஏற்க முடியாது. ஒரே ஆளை இரண்டு நிபுணர்கள் இரண்டு பருவங்களில் வைப்பதெல்லாம் சாதாரணமாக நடக்கிறது. ஆகவே இதை ஜாதகம்போல் பிடித்துக்கொள்ளாமல், கடையில் முந்நூறு புடவைகளுக்கு நடுவே தடுமாறாமல் இருக்க உதவும் ஒரு வடிகட்டியாக வைத்துக்கொள்வது நல்லது.

மண் நிறங்கள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

நம் ஊரில் மேப்பிள் மரம் இல்லை. ஆனால் தெருவுக்கு ஒரு பாதாம் மரம் இருக்கிறது. நாட்டு வாதுமை என்று சொல்லப்படும் அந்த மரத்தின் அகன்ற இலை உதிர்வதற்கு முன் பச்சையிலிருந்து ஒரேயடியாகப் பழுத்துவிடுவதில்லை. நடு நரம்பை ஒட்டிப் பாசிப்பச்சை மிச்சமிருக்கும். அதற்கடுத்து வெந்தய மஞ்சள். விளிம்பை நெருங்க நெருங்கச் செம்பு, செங்கல், அரக்கு. பூச்சி அரித்த இடத்தில் காப்பிக்கொட்டைப் பழுப்பு. கீழே விழுந்த ஓர் இலையை எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். இலையுதிர்கால வண்ணத் தொகுதி முழுவதும் அந்த ஓர் இலையில் இருக்கிறது.

கடை மொழியில் சொன்னால், வெந்தயக் கலர், கடுகு மஞ்சள், தேன் கலர், செம்பு, துரு, செங்கல், காவி, தக்காளிச் சிவப்பு, அரக்கு, மாந்தளிர், காப்பிக்கொட்டை, பாசிப்பச்சை, ஆலிவ், மயில்கழுத்து, சந்தனம், கோரா ஆகியவை இந்தக் குடும்பம். எலுமிச்சை மஞ்சள், ராணி கலர், வாடாமல்லி, வெங்காயக் கலர், வெள்ளிச் சாம்பல், பளீர் வெள்ளை ஆகியவை வெளியே நிற்பவை. மஞ்சள் என்பதாலேயே சூடான நிறம் ஆகிவிடாது என்பதைக் கவனியுங்கள். எலுமிச்சை மஞ்சளில் பச்சை கலந்திருப்பதால் அது குளிர்ச்சியின் பக்கம் நிற்கிறது. அதேபோல் சிவப்பிலும் ஆரஞ்சு கலந்த தக்காளியும் நீலம் கலந்த ராணி கலரும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

மாநிறமாக இருப்பவர்கள் எல்லோரும் இலையுதிர்காலமா?

இல்லை. அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகமாகத் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இதற்குத்தான். 1980களின் புத்தகங்கள் வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கருமுடியும் கருவிழியும் உள்ள ஆசிய, ஆப்பிரிக்க மக்களைப் பெரும்பாலும் குளிர்காலத்தில் தள்ளிவிட்டு அவை நகர்ந்துவிட்டன. அதற்கு மறுப்பாக, பழுப்புத் தோல் என்றால் சூடு, ஆகவே இலையுதிர்காலம் என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. இரண்டும் சோம்பேறித்தனமான கணக்கு.

தோலின் அடர்த்தி வேறு, அதன் அடிச்சாயல் வேறு. அடர்த்தியைப் பெருமளவு மெலனின் என்ற நிறமி தீர்மானிக்கிறது. அதில் கரும்பழுப்பு வகையும் செம்மஞ்சள் வகையும் உண்டு. அதோடு தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் சிவப்பும், உணவிலிருந்து வரும் கரோட்டினின் மஞ்சளும் சேர்ந்துகொள்கின்றன. நல்ல கருப்பாக இருக்கும் இருவரில் ஒருவருடைய தோல் செம்பு பூசினாற்போல் மினுங்கும். மற்றவருடையது நாவல்பழம்போல நீலச்சாயல் காட்டும். முன்னவருக்குத் துரு நிறம் எடுத்துக்கொடுக்கும், பின்னவருக்கு அதே புடவை டல்லடிக்கும். சிவந்த நிறத்தவர்களிலும் மஞ்சள் சாயல், ரோஜாச் சாயல் என்ற இரு வகை உண்டு. சங்கத் தமிழில் பெண்ணின் மேனி நிறத்தை 'மாமை' என்ற சொல்லால் குறித்தார்கள்; மாந்தளிரின் நிறம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். தளிரின் அந்தச் செம்பழுப்புச் சாயல் உள்ள தோல்தான் மண் நிறங்களுக்கு இயல்பான சொந்தம் என்பது என் கணிப்பு. 'கருப்பா, சிவப்பா' என்று கேட்டே பழகிய நாம், 'செம்பா, நாவலா' என்று கேட்கத் தொடங்கினால் ஆடைத் தேர்வில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், செலவும் இல்லை. ஆனால் அவசரப்படக் கூடாது. காலை ஒன்பதிலிருந்து பதினொரு மணிக்குள், நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரத்தில் கண்ணாடியை வையுங்கள். வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் மிகவும் நல்லது. அறைச் சுவர் பச்சையோ ரோஸோ அடித்திருந்தால் அந்த நிறம் முகத்தில் தெறிக்கும் என்பதால் வேறு அறைக்குப் போய்விடுங்கள். முகத்தில் பவுடர், கிரீம், மை எதுவும் இருக்கக் கூடாது. மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கம் உள்ளவர்கள் சில நாள் அதை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். நன்றாகக் கழுவினாலும் மஞ்சளின் சாயல் தோலில் தங்கி, குளிர்ச்சியான முகத்தைக்கூடச் சூடாகக் காட்டிவிடும். முடிக்குச் சாயம் போட்டிருந்தாலோ மருதாணி வைத்திருந்தாலோ வெள்ளைத் துண்டால் தலையை மூடிக்கொள்ளுங்கள். நகைகளையும் மூக்குக் கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள்.

இப்போது இரண்டு துணிகள் வேண்டும். ஒன்று நீலம் போட்டு வெளுத்த பளீர் வெள்ளை வேட்டி. மற்றது சாயம் ஏற்றாத கோராத் துணி. வீட்டில் கோரா இல்லையென்றால் சந்தன நிறத் துண்டு போதும். தோளில் போட்டு, கழுத்து முழுவதும் மூடும்படி ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். துணியைப் பார்க்கக் கூடாது. முகத்தைத்தான் பார்க்க வேண்டும். இதுதான் முழுச் சூத்திரமும். கண்ணுக்குக் கீழுள்ள கருவளையம் கூடுகிறதா, குறைகிறதா? மூக்கின் ஓரமும் வாயைச் சுற்றிய இடமும் கருத்துப்போகின்றனவா, சமமாகின்றனவா? உதட்டின் விளிம்பு தெளிவாக இருக்கிறதா, கலங்கிவிடுகிறதா? கோராவில் முகம் சமமாகி, பளீர் வெள்ளையில் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால் நீங்கள் சூட்டுப் பக்கம்.

அடுத்து இரண்டு சிவப்புகள்: செங்கல் ஒன்று, ராணி கலர் ஒன்று. அதன்பின் இரண்டு மஞ்சள்கள்: வெந்தயம் ஒன்று, எலுமிச்சை ஒன்று. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் சில நொடிகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதல் நிறத்தின் எச்சம் இரண்டாவதைக் கெடுக்கும். உடன் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் 'இந்தக் கலரில்தான் நீ சிவப்பாகத் தெரிகிறாய்' என்று சொல்லும் உறவினரை அழைக்காதீர்கள். நாம் தேடுவது வெளுப்பை அல்ல, முகத்தின் தெளிவை.

மணிக்கட்டு நரம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார்களே?

பச்சையாகத் தெரிந்தால் சூடு, நீலமாகத் தெரிந்தால் குளிர்ச்சி என்பார்கள். அடர்த்தியான தோலில் நரம்பே சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் மேலே உள்ள மெலனின் வழியாகப் பார்க்கும்போது பெரும்பாலோருக்குப் பச்சையாகத்தான் படும். இதை நம்பி ஒரு புடவைகூட வாங்க வேண்டாம்.

சாஃப்ட் ஆட்டம், ட்ரூ ஆட்டம், டீப் ஆட்டம் என்பவை என்ன?

இங்கே 'ஆட்டம்' என்பது இலையுதிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்; பன்னிரண்டு வகை முறையில் அதற்குள் உள்ள மூன்று கிளைகள் இவை. முதலாவதில் அடக்கம் மேலோங்கும்: பாசிப்பருப்பு, காய்ந்த வைக்கோல், வெளிறிய செம்மண் என எல்லாம் சற்றுப் புகை படிந்தாற்போல் இருக்கும். முடி, கண், தோல் மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லாதவர்களுக்கு இது பொருந்தும். இரண்டாவதில் சூடு மேலோங்கும்; வெந்தயமும் துருவும் செம்பும் இதன் மையம். மூன்றாவதில் அடர்த்தி மேலோங்கும்: அரக்கு, காப்பிக்கொட்டை, கரும்பாசி, ஆழ்ந்த மயில்கழுத்து. கருகருவென்ற முடியும் விழியும் அதோடு செம்புச் சாயல் தோலும் உள்ள நம்மவர்கள், மண் நிறம் பொருந்தும் பட்சத்தில், பெரும்பாலும் இந்த மூன்றாம் கிளையை ஒட்டியே வருவார்கள். வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டும் வெளிர் பழுப்பு, ஓட்ஸ் நிறம் போன்றவை நம்மில் பலருக்கு ஏன் சோபிக்கவில்லை என்பதற்குக் காரணமும் இதுதான்: நிறத்தின் சூடு சரியாக இருக்கும், அடர்த்தி போதாது.

கடையில் நன்றாக இருந்த நிறம் வீட்டுக்கு வந்ததும் மாறிவிடுவது ஏன்?

விளக்கு. ஒளி மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்பதை வண்ண வெப்பநிலை என்ற அளவால் சொல்வார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். பழைய குண்டு பல்புக்கு அது சுமார் 2700 கெல்வின். பகல் வெளிச்சம் நேரத்தையும் வானத்தையும் பொறுத்து 5500 முதல் 6500 கெல்வின் வரை. மஞ்சள் ஒளி வீசும் கடையில் எந்தத் துணியும் கொஞ்சம் சூடேறித் தெரியும். ஆகவே மண் நிறம் தேடிப் போகிறவர்தான் அங்கே அதிகம் ஏமாறுவார். இன்னொரு சிக்கல், ஒரு விளக்கின் கீழ் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சாயங்கள் வேறு விளக்கின் கீழ் தனித்தனியாகப் பிரிந்துவிடுவது.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். அரக்குப் புடவைக்கு மேட்சிங் ரவிக்கைத் துணி தேடி இரவு எட்டு மணிக்கு ஒரு கடையில் நின்றேன். விற்பனைப் பெண் பத்து அரக்குகளை வரிசையாகப் பிரித்துப் போட்டார். அதில் ஒன்று புடவையோடு அப்படியே கரைந்துபோயிற்று. மறுவாரம் காலை முகூர்த்தத்தில், மண்டப வாசலில், புடவை செங்கல் பக்கமும் ரவிக்கை கத்தரிப்பூப் பக்கமும் ஆளுக்கொரு திசையில் போய் நின்றன. அன்றிலிருந்து எந்தக் கடையானாலும் 'வாசல் வெளிச்சத்தில் பார்க்கலாமா?' என்று கேட்டுவிடுகிறேன். பழைய கடைக்காரர்கள் முகம் சுளிக்காமல் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு தாமே முன்னால் நடப்பார்கள். அது இந்தத் தொழிலின் பழைய மரியாதை. பகலில் போக முடியாதவர்கள், வீட்டில் சோதித்துத் தேர்ந்த ஒரு துண்டுத் துணியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கடை விளக்கின் கீழ் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

புடவையில் எந்தப் பகுதியின் நிறம் முக்கியம்?

ரவிக்கையின் கழுத்தும் இடது தோளில் விழும் மடிப்பும். இந்த இரண்டும்தான் முகத்துக்கு அருகில் இருப்பவை. கொசுவமும் கீழ்க்கரையும் என்ன நிறமாக இருந்தாலும் முகத்தைப் பெரிதாகப் பாதிக்காது. அதனால் சீதனமாக வந்த வாடாமல்லிப் பட்டைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பொன் சாயல் உள்ள சந்தன ரவிக்கையோடு கட்டலாம். கழுத்தை ஒட்டி ஒரு சூடான நிறம் வந்துவிடும்.

பட்டில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த துணி, அசையும்போது இரு நிறமாகவும் தூரத்தில் மூன்றாவது ஒரு நிறமாகவும் தெரியும். சிவப்பும் பச்சையும் குறுக்கிடும்போது கண்ணில் அவை கலந்து ஒரு பழுப்புச் சாயலைத் தரும். தனிச் சிவப்போ தனிப் பச்சையோ அடிக்கிற கலராகத் தெரிகிறது என்று தயங்குபவர்களுக்கு இந்த டபுள் ஷேட் பட்டுகள் நல்ல வழி. மாந்தளிர், மயில்கழுத்து என்ற பெயர்களில் கேட்டுப் பாருங்கள். பருத்தியில் தேடுபவர்களுக்குக் காரைக்குடிக் கண்டாங்கி இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் புடவையின் பழைய வடிவங்களில் கடுகு மஞ்சள், செங்கல், கருப்பு ஆகியவையே பிரதானம். கலம்காரியும் அப்படித்தான்: கடுக்காயில் தோய்த்த துணியின் வெளிர்மஞ்சள், படிகாரத்தோடு சேர்ந்த வேர்ச் சாயத்தின் சிவப்பு, வெல்லத்தோடு இரும்பை ஊறவைத்து எடுக்கும் கருப்பு என அதன் தட்டிலேயே இலையுதிர்காலம் இருக்கிறது. சாயமே தோயாத டசர் பட்டின் தேன் நிறத்தையும் விட்டுவிடாதீர்கள்.

ஒரே நிறம் பருத்தியில் ஒரு மாதிரியும் மினுமினுக்கும் சாட்டினில் வேறு மாதிரியும் இருக்கும். அடங்கிய நிறங்களுக்கு அடங்கிய துணி பொருந்துகிறது. செங்கல் நிறக் கைத்தறியை விரும்புகிறவருக்கே செங்கல் நிறப் பாலியஸ்டர் பிடிப்பதில்லை.

கருப்பும் வெள்ளையும் அணியவே கூடாதா?

'கூடாது' என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. கருப்புக்குப் பதில் காப்பிக்கொட்டையும், பளீர் வெள்ளைக்குப் பதில் கோராவும் முகத்தை மேலும் நன்றாகக் காட்டும் என்பது மட்டுமே செய்தி. டீப் ஆட்டம் வகையினருக்குக் கருப்பு பெரிய தீங்கு செய்வதில்லை. கழுத்தில் பொன் நகை ஒன்று இருந்தால் போதும்.

நீல நிறம் பிடிக்கும். வழி உண்டா?

உண்டு. பச்சை கலந்த நீலங்களைத் தேடுங்கள்: மயில்கழுத்து, கடல்பச்சை, வெளுத்துப் பழகிய அவுரி. காஞ்சிபுரம் பட்டில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் 'எம்.எஸ். புளூ' என்றே ஒரு நிறம் நிலைத்திருக்கிறது; அந்த அழுத்தமான நீலம் கண்டிப்பாகப் பார்த்தால் இலையுதிர்கால அட்டையில் இடம்பெறாது. அதற்காக அதை ஆசையோடு வாங்கிக் கட்டுகிறவரைத் தடுக்கும் துணிவு எனக்கு இல்லை. அகலமான ஜரிகைக் கரை உள்ளதாகப் பார்த்து எடுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

தங்கமா, வெள்ளியா?

மண் நிறங்களோடு 22 காரட் தங்கத்தின் மஞ்சள், செம்பு, பித்தளை, ஆன்டிக் பாலிஷ் செய்த நகைகள் இயல்பாகச் சேரும். வெள்ளி அணிய விரும்பினால் பளபளப்பாக மெருகேற்றியதைவிட, கருமை படிந்த ஆக்சிடைஸ்டு வகை அடக்கமாக நிற்கும். டெரகோட்டா நகைகள் நிறத்தால் மிகப் பொருத்தமானவை; கீழே போட்டால் உடையும் என்பதுதான் குறை.

ஆண்களுக்கும் இது பொருந்துமா?

முழுவதும் பொருந்தும். சட்டையின் காலர் முகத்தை ஒட்டியே இருப்பதால் ஆண்களுக்குச் சோதனை இன்னும் எளிது. அலுவலகத்துக்கு வெளிர்நீலச் சட்டை என்ற பழக்கத்திலிருந்து விலகி, சந்தனம், வெளிர் ஆலிவ், செம்மண், தேன் நிறங்களில் இரண்டு சட்டை எடுத்துப் பாருங்கள். காக்கியும் இந்தக் குடும்பம்தான். தூசி, மண் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆனால் நம் ஊரில் காக்கிச் சட்டை அணிந்தால் வேறு வேலை நினைவுக்கு வரும் என்பதால் அதைக் கால்சட்டையோடு நிறுத்திக்கொள்வது உசிதம். பட்டு வேட்டியோடு பளீர் வெள்ளைச் சட்டை எடுபடவில்லை என்றால், வேட்டியின் ஜரிகைக் கரையோடு ஒத்துப்போகும் அரைவெள்ளைச் சட்டை தைத்துக்கொள்ளலாம்.

முடி நரைத்தால் பருவம் மாறுமா?

அடிச்சாயல் பெரிதாக மாறுவதில்லை. முடிக்கும் முகத்துக்கும் உள்ள வேறுபாடுதான் மாறுகிறது. கருமுடி இருந்தபோது தாங்கிய காப்பிக்கொட்டையும் அரக்கும் இப்போது முகத்தைவிட முன்னால் வந்து நிற்கலாம். அவற்றைவிட ஒரு படி வெளிர்ந்த செம்மண், தேன், பாசிப்பருப்பு நிறங்களை முயன்று பாருங்கள். நரையை மருதாணியால் மறைப்பவர்களுக்கு முடியே செம்பு நிறமாகிவிடுவதால், துரு நிற ஆடை தலையோடு ஒன்றிப்போய்ச் சற்று அலுப்புத் தரும். அவர்களுக்குப் பாசிப்பச்சை அல்லது மயில்கழுத்து நல்ல மாறுபாடு தரும்.

கைப்பேசிச் செயலிகள் சொல்லும் முடிவை நம்பலாமா?

கேமரா ஒவ்வொரு படத்திலும் வெள்ளைச் சமநிலையைத் தானாகத் திருத்திக்கொள்கிறது. நீங்கள் வெந்தயத் துணியைப் பிடித்தால், 'படம் மஞ்சளாக இருக்கிறதே' என்று நினைத்து அது நீலத்தைக் கூட்டிவிடலாம். முகத்தை அழகாக்கும் ஃபில்டர் அதன் பங்குக்குத் தோலை வெளுக்கும். படம் எடுத்தே தீர வேண்டுமானால், ஃபில்டரை அணைத்து, எல்லாத் துணிகளையும் ஒரே படத்தில் வரும்படி தோளில் அடுக்கி எடுங்கள். திருத்தம் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்கும் என்பதால் ஒப்பிட முடியும்.

இயற்கைச் சாயம் ஏற்றிய மண் நிறத் துணிகளை எப்படிப் பராமரிப்பது?

எந்தச் சாயம் என்று கேட்டு வாங்குங்கள், ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். மஞ்சள்கிழங்குச் சாயம் வெயிலில் வேகமாக வெளுக்கும். காரமான சோப்புப் பட்டால் சிவக்கும், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பதைப் போலவே. மாதுளைத் தோல், கடுக்காய் ஆகியவற்றின் மஞ்சள்கள் இரும்பைச் சந்தித்தால் பாசி நிறத்துக்கும் கருமைக்கும் மாறுவதால், துருப்பிடித்த கம்பியில் உலர்த்தக் கூடாது. மஞ்சிட்டி, சாயவேர் ஆகியவற்றின் சிவப்பு உறுதியானது. சோழமண்டலக் கரையின் துணிகளுக்கு ஒரு காலத்தில் உலகப் புகழ் தேடித் தந்தவற்றில் சாயவேர்ச் சிவப்பும் ஒன்று. நிழலில் உலர்த்தினால் பல ஆண்டுகள் நிற்கும்.

பீரோவில் ஏற்கெனவே இருக்கும் 'தவறான' நிறங்களை என்ன செய்வது?

எதையும் தூக்கிப் போட வேண்டாம். முகத்துக்கு அருகில் வராத இடத்துக்கு அவற்றை இறக்கிவிடலாம்: ராணி கலர் துப்பட்டா பாவாடையாகலாம், எலுமிச்சை மஞ்சள் டாப்ஸ் பையாகலாம். சுத்தப் பருத்தித் துணியாக இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. தேயிலையைத் திக்காகக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஒரு சிட்டிகைப் படிகாரம் போட்டு, துணியை முன்கூட்டியே நனைத்துப் பிழிந்து அதில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருள் இழையில் படிந்து, பளீர் வெள்ளையைக் கோராவாகவும் வெளிர் மஞ்சளை வைக்கோல் நிறமாகவும் இறக்கிவிடும். துணியை அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். இல்லையென்றால் மடிப்பில் திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும். பாலியஸ்டரில் இது ஏறாது. முழுத் துணியையும் நனைப்பதற்கு முன், உட்புறத் தையலில் மடங்கியிருக்கும் ஓரத்தை மட்டும் தோய்த்து, காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் ஒரு படி வெளிறிவிடும்.